6 மீட்டர் மனையில் ஒரு மர வீடு: எத்தனை சென்டிமீட்டர் இன்சுலேஷன் என்பதற்கு முன்னால்

6 மீட்டர் அகலம், 18 மீட்டர் நீளம் உள்ள மனை. இரண்டு பக்கமும் எல்லையை ஒட்டி ஏற்கெனவே வீடுகள். நான்கு பேர் இருக்கும் குடும்பம். மரத்தில் சின்னதாக, மின்சாரம் அதிகம் தின்னாத வீடு வேண்டும். மரச்சட்டத்தில் கட்டுவதா, சி.எல்.டி. எனும் கனமான ஒட்டுமரப் பலகையில் கட்டுவதா, வெப்பத்தைத் தடுக்கும் இன்சுலேஷன் எத்தனை சென்டிமீட்டர் போடுவது? நீங்கள் கேட்டது இவ்வளவுதான். ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், "பிள்ளைகள் வளர்ந்த பிறகும் இந்த வீடு உளுத்துப்போகாமல் நிற்குமா?" என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். 22 வருடமாக மர வீடுகளை வரைந்தும் கட்டுவித்தும் வருகிறேன். என்னிடம் வந்த ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் தடிமனைக் கேட்டுத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் தடிமன் போதாமல் கெட்டுப்போன வீட்டை நான் பார்த்ததில்லை. கெட்டவை எல்லாம் தண்ணீரும் காற்றும் நுழைந்த இடுக்குகளால் கெட்டவை.

முதலில் நல்ல செய்தி. ஒடுக்கமான மனை என்று வருந்துகிறீர்களே, மின்சாரக் கணக்கில் அது உங்களுக்குச் சாதகம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 சதுர மீட்டர் தளப்பரப்பை ஒரே தளமாக, 10க்கு 12 மீட்டரில், தனி வீடாகக் கட்டினால் சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து 372 சதுர மீட்டர் வெளிப்பரப்பு வரும். அதே பரப்பை 6க்கு 10 மீட்டரில் இரண்டு தளமாக அடுக்கினால் 312. அந்த இரண்டு தள வீட்டின் நீண்ட பக்கங்கள் இரண்டும் பக்கத்து வீடுகளை ஒட்டி நின்றால், வெயிலும் குளிரும் படுகிற பரப்பு வெறும் 192. இன்சுலேஷனில் கை வைப்பதற்கு முன்பே, வெப்பம் போகிற வருகிற வாசல் பாதியாகிவிட்டது. ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரத்தில் 1991இல் மக்கள் குடிபுகுந்த முதல் பாசிவ் ஹவுஸும் (மிகக் குறைந்த ஆற்றலிலேயே இதமாக இருக்கும்படி வடிவமைத்த வீடு) தனி வீடு அல்ல, ஒன்றையொன்று ஒட்டிய நான்கு வீடுகளின் வரிசை. அது மரத்தால் கட்டியதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வடிவத்தைப் பற்றிய பாடம் எந்தப் பொருளுக்கும் பொருந்தும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பக்கத்து வீடு நாளை இடிக்கப்படலாம், அல்லது பூட்டியே கிடக்கலாம். அதனால் அந்தச் சுவரிலும் இன்சுலேஷனை முழுதாக விட்டுவிடாதீர்கள். குறைத்துக்கொள்ளலாம்.

பாதகமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. உங்களுக்கு வெளிச்சம் முன்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் மட்டும்தான் வரும். ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பயன்படும்படியான பகல் வெளிச்சம் உள்ளே போகும் என்பது எங்கள் தொழிலில் பழகிய கணக்கு. மேல்விளிம்பு 2.3 மீட்டர் என்றால் சுமார் 5 மீட்டர். வீட்டின் நீளத்தை 10 மீட்டருக்குள் நிறுத்தினால் இரண்டு பக்க வெளிச்சமும் நடுவில் மட்டுமட்டாகச் சந்திக்கும். அதற்கு மேல் நீட்டினால் நடுவில் பகலிலும் விளக்கெரிக்கிற ஓர் இருட்டு அறை கிடைக்கும். மனை 18 மீட்டர் இருக்கிறதே என்று முழுக்க நிரப்பிவிடாதீர்கள். பின்னால் விடுகிற மண்தரை வீணில்லை, வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் வருகிற வழி அதுதான்.

அந்த நடுப்பகுதியில் மாடிப்படியை வையுங்கள், அதுவும் குறுக்காக. பெரும்பாலானவர்கள் படியைப் பக்கச் சுவரை ஒட்டி நீளவாக்கில் வைத்து, அதன் பக்கத்தில் ஒரு மீட்டர் அகல நடைவழியை முன்னிருந்து பின்வரை இழுத்துவிடுகிறார்கள். சுவர் கனம் போக உங்களுக்கு உள்ளே 5.4க்கு 9.4 மீட்டர், அதாவது ஒரு தளத்துக்கு 51 சதுர மீட்டர் கிடைக்கும். அதில் நடைவழியே ஒன்பதரையைத் தின்றுவிடும். படியைக் குறுக்காகப் போட்டால் என்ன ஆகும்? தளத்துக்குத் தளம் 2.9 மீட்டர் உயரத்தை 16 ஏற்றமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 18 சென்டிமீட்டர். மிதி 25 சென்டிமீட்டர் வீதம் 15 மிதிக்கு 3.75 மீட்டர். 5.4இல் மீதி 1.65 மீட்டர், அது கீழும் மேலும் நிற்கிற இடத்துக்குச் சரியாகப் போதும். மேலே ஏறி நின்றால் ஒரு கை எட்டும் தூரத்தில் முன் அறைக் கதவு, மறு பக்கம் பின் அறைக் கதவு. நடைவழியே வேண்டாம். படியின் அளவுகளுக்கு ஊருக்கு ஊர் விதி உண்டு, அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குளியலறை, துணி அலமாரி, மின்சாரப் பலகை ஆகியவற்றையும் படியை ஒட்டி அடுக்குங்கள். தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் ஒரே செங்குத்துக் குழியில் இறங்கும். மர வீட்டில் அது பெரிய நிம்மதி.

படிக்கு மேலே கூரையில் திறக்கக்கூடிய ஒரு ஜன்னல் வையுங்கள். பகலில் அது நடுவீட்டுக்கு வெளிச்சம் தரும். இரவில் திறந்துவிட்டால் சூடான காற்று படிக்கட்டு வழியாக மேலேறி வெளியே போகும், கீழே ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். ஆனால் வெயில் காலத்தில் உச்சி வெயில் நேராக விழுகிற கண்ணாடி அது. வெளிப்பக்கம் மறைப்பு இல்லாமல் போட்டால் வீட்டுக்குள் ஓர் அடுப்பை வைத்த மாதிரி. உள்ளே திரை போட்டால் போதாது. வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு திரை அதைப் பிடித்துப் பயனில்லை.

இப்போது சட்டமா, பலகையா என்பதற்கு வருகிறேன். சி.எல்.டி. என்பது பலகைகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி ஒட்டிய கனமான பாளம். நார்வேயில் 2019இல் பாரம் தாங்கும் சட்டகத்தை மரத்தால் செய்து 18 மாடி எழுப்பியிருக்கிறார்கள். ஆகவே இரண்டு மாடிக்கு வலு போதுமா என்பது கேள்வியே அல்ல. உங்கள் மனையில் கேள்வி தடிமன். நீண்ட சுவர்கள் இரண்டிலும் 10 சென்டிமீட்டர் கூடினால், இரண்டு தளத்துக்கும் சேர்த்து 4 சதுர மீட்டர் போய்விடும். ஒரு பிள்ளையின் கட்டிலும் மேசையும் போடுகிற இடம் அது. மரச்சட்டத்தில் பாரம் தாங்குகிற கட்டைகளுக்கு நடுவிலேயே இன்சுலேஷன் அடைத்துவிடலாம், இரண்டுக்கும் ஒரே தடிமன். பாளத்தில் முதலில் 10 சென்டிமீட்டர் மரம், அப்புறம் வெளியே தனியாக இன்சுலேஷன். அதனால் உங்கள் மனைக்கு நான் சுவருக்கு மரச்சட்டத்தையே சொல்வேன். தளத்துக்கு வேண்டுமானால் பாளம் போடலாம். கனம் கூடுவதால் நடக்கும்போது அதிர்வு குறையும்.

சட்டத்தில் ஒரு குறை உண்டு. மரம் இரும்பையும் கான்கிரீட்டையும் விட வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்தும், ஆனால் அதுவே இன்சுலேஷன் ஆகிவிடாது. இன்சுலேஷனாக அடைக்கும் பாறைக் கம்பளியை (பாறையை உருக்கி இழுத்த நார்) விட மரம் மூன்று மடங்குக்கு மேல் கடத்தும். நிஜச் சுவரில் நிற்கிற கட்டை, படுக்கைக் கட்டை, ஜன்னலைச் சுற்றிய இரட்டைக் கட்டை எல்லாம் சேர்ந்து சுவர்ப் பரப்பில் 15 முதல் 25 சதவீதம் மரமாகவே இருக்கும். 140 மி.மீ. சட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு மரம் என்று வைத்துக் கணக்கிட்டால், இன்சுலேஷன் பாக்கெட்டில் போட்டிருக்கிற காப்புத் திறனில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. சட்டத்துக்கு வெளியே, கட்டைகளையும் மூடும்படி 60 மி.மீ. மரநார்ப் பலகை தொடர்ச்சியாகப் போனால் போனதற்கு மேலேயே திரும்பி வந்துவிடும். நடுவில் இன்னும் அதிகமாகத் திணிப்பதை விட, இந்த மெல்லிய வெளிப்போர்வை பலமடங்கு மேல். சட்டம் அடிக்கும்போது தேவையில்லாத கட்டைகளைத் தவிர்க்கச் சொல்வதும் அதே அளவு முக்கியம். தச்சர்கள் வலுவுக்கு என்று நல்லெண்ணத்தில் கூட இரண்டு கட்டை சேர்த்துவிடுவார்கள்.

இனி உங்கள் கடைசி வரி. மரம் வயதானதால் கெடுவதில்லை. ஜப்பானின் ஹோர்யூஜி கோயிலில் 1,300 வருடத்துக்கு மேற்பட்ட மரக்கட்டைகள் இன்றும் பாரம் தாங்குகின்றன. நார்வேயின் பழைய மரத் தேவாலயங்களில் இன்னும் தெளிவான சாட்சி இருக்கிறது: தூண்களை மண்ணில் நட்டுக் கட்டிய ஆரம்பகாலத் தேவாலயங்கள் அடி அழுகி மறைந்துவிட்டன. கல்லின் மேல் படுக்கைக் கட்டை வைத்து அதன்மேல் தூண் நிறுத்தியவை, போர்குண்ட் என்ற ஊரில் இருப்பதைப்போல, 12ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கின்றன. காரணம் எளிது. மரத்தை அழுகவைக்கும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரம் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது என்று நிம்மதியாக இருக்கலாம். நனைவது தவறில்லை, நனைந்தது காயாமல் இருப்பதுதான் ஆபத்து.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஆரம்ப வருடங்களில் நான் வரைந்த ஒரு வீட்டில், ஆறு வருடம் கழித்து ஒரு ஜன்னலின் கீழே சுவர் லேசாக உப்பியிருக்கிறது என்று கூப்பிட்டார்கள். வெளிப்பலகையைக் கழற்றி, படுக்கைக் கட்டையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போனது. ஊறிய ரொட்டி மாதிரி. இரண்டு கை தள்ளி இருந்த அடுத்த கட்டையைத் தட்டினால் கணீரென்றது, ரம்பம் போட்ட தேதியின் நிறம் கூட மாறவில்லை. ஒரே மரம், ஒரே சுவர். ஜன்னலின் கீழ்மூலையில் நீர்காப்புத் தாள் மடிந்து மேலேறாமல் ஒரு விரல் அகலத்துக்கு விட்டுப்போயிருந்தது. என் வரைபடத்தில் அந்த மூலையை நான் வரையவே இல்லை. தளத்தில் இருந்தவர் தனக்குத் தெரிந்தபடி செய்தார். அன்றிலிருந்து ஜன்னலின் மூலைகளை நிஜ அளவில் வரையாமல் நான் வேலையை ஆரம்பிப்பதில்லை. உங்கள் வடிவமைப்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் படம் அதுதான், முகப்புப் படம் அல்ல.

அதோடு இன்னும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். மரத்தின் அடி தரை மட்டத்துக்கு மேல் குறைந்தது 15, முடிந்தால் 20 சென்டிமீட்டர் தூக்கி நிற்கட்டும். வெளிப்பலகைக்குப் பின்னால் ரீப்பர் அடித்து 20, 25 மி.மீ. காற்றுவழி விடுங்கள், கீழும் மேலும் திறந்தபடி. கட்டையின் வெட்டுமுகம் எங்கும் மழையைப் பார்க்கக் கூடாது, ஏனென்றால் பக்கவாட்டை விட வெட்டுமுகம் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். கரையான் உள்ள மண் என்றால் அடித்தளத்திலேயே தடுப்பு வேண்டும். கரையானுக்கு அழுகிய மரம்தான் வேண்டும் என்றில்லை.

காற்றுக் கசிவு இதே கதையின் உள்பக்கம். நான்கு பேர் மூச்சு விட்டு, சமைத்து, குளித்து, துணி உலர்த்தும் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் அளவுக்கு நீர் ஆவியாகக் காற்றில் சேரும். அது சுவரின் பொருளுக்குள் மெல்ல ஊடுருவிப் போவதை விட, ஒரு ஸ்விட்ச் பெட்டியின் ஓட்டை வழியாகக் காற்றோடு போவது பல மடங்கு அதிகம். போன ஆவி சுவருக்குள் குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் தண்ணீராகிறது. ஆகவே உங்கள் வீட்டின் குறுக்குவெட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு, ஒரு சிவப்புப் பேனாவால் காற்றுத்தடையின் (காற்று கசியாமல் வீட்டைச் சுற்றி மூடும் தாளின்) கோட்டைச் சுவர், கூரை, தரை என்று முழுக்கச் சுற்றி வரையுங்கள். பேனாவை எடுக்காமல் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். எங்கே பேனா தயங்குகிறதோ அங்கேதான் கசியும். பெரும்பாலும் அது மாடித் தளத்தின் உத்தரம் சுவரில் வந்து உட்காரும் இடம். தடைத்தாளைத் தளத்தின் விளிம்பைச் சுற்றி முன்கூட்டியே விட்டுவைக்காவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

கட்டும்போது காற்றழுத்தச் சோதனை செய்வார்கள்: வாசலில் விசிறி பொருத்தி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் காற்றழுத்த வித்தியாசம் உண்டாக்கி, மணிக்கு வீட்டின் கனஅளவில் எத்தனை பங்கு காற்று கசிகிறது என்று அளப்பது. பாசிவ் ஹவுஸ் வரம்பு 0.6. சின்ன வீட்டுக்கு இது கடினம். கனஅளவு குறைவு, அதற்கேற்ற அளவு பரப்பு குறையவில்லை என்பதால் அதே நேர்த்தியான வேலைக்கும் எண் கூடுதலாக வரும். 1 வந்தாலும் நான் மனம் தளர மாட்டேன். ஆனால் ஜிப்சம் பலகை அடிப்பதற்கு முன்னால், இடுக்குகள் கண்ணுக்குத் தெரியும்போதே சோதித்துவிடுங்கள். ஊதுபத்தியை மூலைகளில் பிடித்தால் புகை எங்கே இழுபடுகிறது என்று பிள்ளைகளே காட்டுவார்கள். இவ்வளவு அடைத்த பிறகு விசிறி வைத்த காற்றோட்டம் கட்டாயம், அது விருப்பத்துக்கு விடுகிற விஷயம் அல்ல.

நீராவி சுவருக்குள் ஊடுருவாமல் தடுக்கும் தாளை, அதாவது ஆவித்தடையை, சுவரின் எந்தப் பக்கம் போடுவது என்பதை உங்கள் ஊரின் பருவம் தெரியாமல் நான் சொல்ல முடியாது. நீண்ட குளிர்காலம் உள்ள இடத்தில் உள்பக்கம். வருடம் முழுக்கப் புழுக்கமும் உள்ளே ஏ.சி.யும் என்றால் ஆவி வெளியிலிருந்து உள்ளே தள்ளும். அங்கே உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் போட்டால் அதன் பின்னால் தண்ணீர் தேங்கும். குளிர் நாட்டுப் படத்தை வெப்ப நாட்டில் அப்படியே நகல் எடுத்ததால் கெட்ட சுவர்கள் உண்டு. இன்சுலேஷன் தடிமனும் இதே போலத்தான். உங்கள் ஊர் வெப்பநிலையை வைத்துக் கணக்கிட்டுத்தான் எண் சொல்ல வேண்டும்.

கோடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மர வீடு இலேசானது, அதனால் சீக்கிரம் சூடாகும். இரவு நன்றாகக் குளிர்கிற ஊராக இருந்தால் கீழ்த்தளத்தில் கான்கிரீட்டோ கல்லோ தரையாகப் போட்டு, இரவில் கூரை ஜன்னலைத் திறந்து அந்தக் கனத்தைக் குளிரவைத்தால் மறுநாள் பகல் இதமாக இருக்கும். இரவிலும் குளிராத ஊரில் அந்தக் கனம் பயன் தராது. நிழலும் கூரை இன்சுலேஷனும்தான் காப்பாற்றும்.

தீயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லைச் சுவரில் கேட்காமல் இருக்க முடியாது. கனமான மரம் நிமிடத்துக்கு சுமார் 0.65 மி.மீ. வீதம்தான் கரியாகும், கரி உள்மரத்தைக் காக்கும். இது பெரிய உத்தரத்துக்கு உண்மை. மெல்லிய சட்டக் கட்டைக்கு அந்த ஆறுதல் இல்லை, அதை ஜிப்சம் பலகைதான் காக்கிறது. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு பிணைந்த நீர், அது ஆவியாகும்வரை பின்னால் சூடு ஏறுவது தாமதமாகும். இரண்டு அடுக்கு போடுங்கள், ஒலிக்கும் உதவும். எல்லைச் சுவருக்கு எத்தனை நிமிடத் தாங்குதிறன் என்று உங்கள் ஊர் விதி சொல்லும். அதன் வெளிமுகத்தில் மரப்பலகை வேண்டாம், தீக்காக மட்டுமல்ல. பக்கத்து வீட்டுக்கும் உங்கள் சுவருக்கும் நடுவில் கை நுழையாது. இனி ஒருநாளும் அங்கே பெயிண்ட் அடிக்கவோ பழுது பார்க்கவோ முடியாது. எரியாத, பராமரிப்பு வேண்டாத பலகையைப் பட்டறையிலேயே சுவர்ச் சட்டத்தில் பொருத்தி, முழுச் சுவராகத் தூக்கி வைக்க வேண்டும், சாரம் கட்டவும் இடமில்லை. அந்த இடுக்கின் மேல்வாயைத் தகட்டால் மூடி, மழை இறங்காமல் செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதம் இதற்கு முன்கூட்டியே வேண்டும்.

மரம் கட்டினால் பூமிக்கு நல்லது என்பதில் எவ்வளவு உண்மை? ஒரு கனமீட்டர் ஊசியிலை மரம் சுமார் 900 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான கார்பனைத் தனக்குள் வைத்திருக்கிறது என்பது உறுதி. அத்தனையும் மிச்சம் என்று எழுதுவது உறுதியல்ல. வெட்டிய காடு மறுபடி வளர்ந்ததா, வீடு முடிந்த பிறகு மரம் என்னவாகிறது என்பதைப் பொறுத்து நிபுணர்களே வேறு வேறு கணக்குச் சொல்கிறார்கள். வீடு எவ்வளவு காலம் நிற்கிறதோ, கணக்கு அவ்வளவு உங்கள் பக்கம் சாயும்.

கடைசியாக, வேலை தொடங்குவதற்கு முன் இரண்டு காரியங்கள். உங்கள் தெருவில் முழுச் சுவரை ஏற்றிய வண்டி திரும்புமா, கிரேன் நிற்குமா, மேலே மின்கம்பி போகிறதா என்று நேரில் நடந்து அளந்து பாருங்கள். சுவர் எத்தனை துண்டாக வரலாம் என்பதை முடிவு செய்வது அதுதான், அதை வைத்தே சட்டத்தை வரைய வேண்டும். அப்புறம், அடித்தளம் தோண்டுவதற்கு முன் இரண்டு பக்கத்து வீட்டுச் சுவர்களிலும் இருக்கிற விரிசல்களை, அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேதியோடு படம் எடுத்து ஆளுக்கொரு நகல் கொடுத்துவிடுங்கள். மண் பரிசோதனை அறிக்கையும் ஊரின் சராசரி வெப்பநிலையும் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள், தடிமனை உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.